நாத்தனாரின் நான்காவது மணல் அள்ளி

என் கணவரின் அக்காவை அவர் வேலை பார்த்த இடத்தில் எல்லோரும் ‘பாக்கெட்டக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடம் அது. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் ஆள் உயர இயந்திரங்கள் சுழன்றுகொண்டே இருக்கும். மறுபக்கம் இஸ்திரி உருளைகளிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டே இருக்கும். மேல்மாடிகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக இறங்கும். அதைப் பிரிக்கிற மேஜையில் நிற்பதுதான் நாத்தனாரின் வேலை. அங்கி, சட்டை, கால்சட்டை என்று எது வந்தாலும் பைக்குள் கையை விட்டுப் பார்க்காமல் இயந்திரத்துக்கு அனுப்ப மாட்டார். ஒரு பேனா தப்பிப் போனால் அந்தச் சுற்றுத் துணி முழுவதும் நீலமாகிவிடும். மோதிரமோ ஊசியோ போனால் டிரம்மின் துளையில் சிக்கிக்கொண்டு மற்றத் துணிகளைக் கிழிக்கும்.

கிடைப்பதை எல்லாம் உரியவர்களிடம் சேர்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. ஒருமுறை நோயாளி அங்கியில் பல் செட் ஒன்று கிடைத்தது. எந்த வார்டு என்று விசாரித்து, மாடிப்படி ஏறித் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

“பாவம், அந்த மனுஷன் பிஸ்கட்டைக் கையில வச்சுக்கிட்டு, அதை என்ன செய்யறதுன்னு தெரியாம உக்காந்திருந்தாரும்மா” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் ஓய்வு பெற்ற அன்று கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பரிசு கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு மெட்டல் டிடெக்டர். தண்ணீருக்குள்ளும் வேலை செய்யும் ரகம். சலவைக்கூடத்து மெக்கானிக்கின் யோசனை அது.

“இனிமே துழாவறதுக்குப் பாக்கெட் கிடைக்காது. கடலைத் துழாவுங்க. அதுக்குத்தான் எத்தனையோ பாக்கெட்டு” என்றாராம் அவர்.

விளையாட்டாகக் கொடுத்த பொருள்தான். நாத்தனார் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊரில் கடல் நடந்துபோகிற தூரம். விடுமுறை நாட்களில் கூட்டம் கூட்டமாக வந்து குளிப்பார்கள். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் நழுவும். காதிலிருந்தும் கழுத்திலிருந்தும் ஏதாவது போகும். நாத்தனார் அதிகாலையில், தண்ணீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் போவார். காதில் ஹெட்போன், கையில் நீண்ட குச்சியின் முனையில் தட்டு போன்ற சுருள். இடுப்பளவு தண்ணீரில் அதைத் தரையோடு மெல்ல வீசிக்கொண்டே நடப்பார். உலோகம் இருந்தால் காதில் ‘கீங்’ என்று கேட்கும். கேட்ட இடத்தை மணல் அள்ளியால் தோண்டி அள்ள வேண்டும்.

இந்த அள்ளியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பார்ப்பதற்குச் சாய்ந்த வாளி மாதிரி இருக்கும். உடம்பெல்லாம் துளை. பின்பக்கம் நெஞ்சு உயரத்துக்குக் கைப்பிடி. வாளியின் பின்விளிம்பில் மிதித்து மணலில் இறக்கி, கைப்பிடியைச் சாய்த்துத் தூக்கினால், மணல் துளை வழியாக ஒழுகிப் போய், சிப்பியும் கல்லும் நாம் தேடியதும் தங்கும். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. நாத்தனாரிடம் அந்த வாளி ஒன்றுகூட நிலைக்கவில்லை.

முதல் அள்ளி டிடெக்டரோடு கூடவே வந்தது. மெல்லிய தகடு. ஈர மணலின் கனம் அதற்குத் தெரியவில்லை. சில வாரங்களில் கைப்பிடி வில் மாதிரி வளைந்துவிட்டது. இரண்டாவதைக் கடற்கரைச் சாமான்கள் விற்கும் கடையில் வாங்கினோம். நானும் கூடப் போயிருந்தேன்.

“ஸ்டெயின்லெஸ்மா. துருப் பிடிக்காது. ஆயுசுக்கும் வரும்” என்றார் கடைக்காரர்.

“யாரு ஆயுசுக்கு? என்னோடதுக்குன்னா விலையைக் கொஞ்சம் கொறச்சுப் போடுங்க” என்றார் நாத்தனார்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். விலையைக் குறைக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் பட்டறைக்குள் நுழைந்து தம்பியிடம் காட்டினார். என் கணவருக்கு கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி செய்கிற வேலை. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. பல பட்டறைகளில் எடுபிடியாக நின்று, பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டவர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளும் பட்டறையை விட்டு வெளியே போகும் முன் அதன் ஓரம் முழுவதும் உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். எங்கேயாவது பிசிறு நெருடினால் அரத்தை எடுத்துவிடுவார். “கேட்டைத் திறக்கிறவன் கையைப் பாத்தா திறப்பான்?” என்பார். அன்றும் அப்படித்தான். அக்காவுடன் பேசிக்கொண்டே அள்ளியின் வாயைத் தடவிப் பார்த்தார்.

“என்னக்கா இது, பிளேடு மாதிரி இருக்கு. கையைக் கிழிச்சுக்கப் போற.”

கிரைண்டரை எடுத்து வாய் முழுவதையும் மழுங்கத் தேய்த்து, பாலிஷும் போட்டுக் கொடுத்தார். நாத்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியாம்மா, கடைக்காரன் போடாத பளபளப்பு” என்று என்னிடம் காட்டினார்.

அந்த அள்ளியும் நீடிக்கவில்லை. வாளியும் கைப்பிடியும் சேரும் கழுத்தில் முடி போல ஒரு விரிசல் விழுந்தது. பிறகு ஒருநாள் காலை அவர் கைப்பிடியைப் பின்னால் சாய்த்து நெம்பும்போது மொத்தமாக முறிந்துவிட்டது. அவர் அப்படியே மல்லாந்து விழுந்தார். அலை ஒன்று அவர் மேலேறிப் போனது. நீந்த வந்த இரண்டு பேர் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். கரைக்கு வந்தபோது தோள்பட்டை பிசகியிருந்தது. கைப்பிடி மட்டும் கையில் இருந்தது.

நாத்தனாரின் கணவர் முன்பே போய்விட்டார். வீட்டில் நாத்தனாரும் மகளும்தான். மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அம்மாவிடமிருந்து கறாரை மட்டும் குறையாமல் வாங்கிக்கொண்டவள். தோளில் கட்டோடு அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, எங்கள் எல்லோர் முன்னாலும் அவள் சொல்லிவிட்டாள்:

“இன்னொரு தடவை ஏதாவது உடைஞ்சு நீ விழுந்தேன்னா அந்த மெஷினை வித்துடுவேம்மா. பேச்சுக்குச் சொல்லல.”

“வித்த காசுல எனக்கு என்ன வாங்கித் தருவே?”

“ஊன்றுகோல்.”

நாத்தனார் சிரித்தார். ஆனால் மகள் வேலைக்குக் கிளம்பிய பிறகு அந்தச் சிரிப்பு இல்லை. அவரை நான் ‘அண்ணி’ என்றுதான் கூப்பிடுவேன். “என்ன அண்ணி, பயந்துட்டீங்களா?” என்று கேட்டேன்.

“விழுந்ததுக்குப் பயப்படலம்மா” என்றார். “அந்தச் சிமெண்டுத் தரையில நின்னு நின்னு என் முட்டி ரெண்டும் போயிடுச்சு. படி ஏறினா வலி, எறங்கினா வலி. தண்ணிக்குள்ள போனா மட்டும் ஒண்ணும் தெரியல. எனக்கு எடையே இல்லாத மாதிரி இருக்கு. வயசாச்சு, போதும்னு தோணுற அன்னிக்கு நானே நிறுத்திடுவேன். ஒரு வெல்டிங் விட்டுப்போச்சுன்னு நிறுத்தணுமா?”

இதை நான் கணவரிடம் சொன்னேன். மறுநாள் அவர் கேட் ஒன்றின் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, உப்புத் தண்ணீருக்கு ஏற்ற ஸ்டெயின்லெஸ் தகடாகப் பார்த்து எடுத்து வந்தார். காந்தத்தை வைத்து, ஒட்டாத ரகம்தானா என்று சோதித்துக்கொண்டார்.

துளை எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று அக்காவைக் கேட்டார். நாத்தனார் தன் காதுத் தோட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இது விழக்கூடாது. இதைவிடப் பெரிய துளைன்னா மணல் சீக்கிரம் ஒழுகும், ஆனா தேடினதும் கூடவே ஒழுகிடும். ரொம்பச் சின்னதா போட்டாலும் ஆபத்து. மணல் அடைச்சுக்கிட்டு வாளி கல்லாயிடும். துணி துவைக்கிற டிரம்முலயும் இதே கதைதான்.”

“தகடு?”

“லேசா இருக்கட்டும்டா.”

“லேசா இருந்துதான் ரெண்டு போச்சு” என்றார் அவர். அந்த ஒரு விஷயத்தில் அக்கா பேச்சை அவர் கேட்கவில்லை.

மூன்றாவது அள்ளி இப்படித்தான் பிறந்தது. கேட் செய்கிறவர் செய்த அள்ளி. கனமான தகடு. கழுத்தில் இரண்டு பக்கமும் முக்கோணத் தாங்கல். கைப்பிடிக்குத் தடித்த குழாய். ஓரமெல்லாம் குழந்தையின் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. பட்டறைத் தரையில் அதைக் குப்புறப் போட்டு, மேலே ஏறி நின்று இரண்டு முறை குதித்துக் காட்டினார்.

“யானை மிதிச்சாலும் உடையாது.”

“யானையையே கூட்டிட்டு வா, தூக்கறதுக்கு” என்றார் நாத்தனார்.

சொன்னாரே தவிர, மறுக்காமல் வாங்கிக்கொண்டார். தம்பி வேலையை விட்டுவிட்டுச் செய்தது அல்லவா. காய்கறி வாங்கும் சக்கர வண்டியில் அதைப் படுக்க வைத்துக் கடற்கரைக்கு இழுத்துப்போவார். தெருவில் பார்ப்பவர்கள், “என்னக்கா, பீரங்கியை இழுத்துக்கிட்டு யாரோட சண்டைக்குப் போறீங்க?” என்று கேட்பார்கள். உடையவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் சீக்கிரமே வீடு திரும்ப ஆரம்பித்தார். தோளில் தைலம் மணத்தது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் போனார். அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை. மகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் காரியம் தானாக முடிந்துகொண்டிருந்தது.

என் கணவருக்கு இது மனத்தாங்கல். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டார்.

“உனக்குப் பிடிக்கலேன்னா சொல்லிடேன்க்கா. உடையாததா கேட்ட, குடுத்தேன்.”

“உடையாதுடா. நான் உடைஞ்சுடுவேன். மணல்ல எறங்கவே மாட்டேங்குது. மிதிச்சு, ஆட்டி, நெம்பி, மறுபடி மிதிச்சு… அதுக்குள்ள அடுத்த அலை வந்து குழியை மூடிடுது.”

“மிதிக்கிற விதம் தெரியல உனக்கு.”

அப்போது மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “மாமா, நீங்க ஒரு தடவை தண்ணியில எறங்கி மிதிச்சுப் பாத்திருக்கீங்களா?”

என் கணவருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. கடற்கரைக்கு வந்தாலும் காலணி நனையாத தூரத்தில்தான் நிற்பார். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“அதென்ன பெரிய விஷயம்?” என்றார், டீயைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் காலை நாலு பேரும் போனோம். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் காட்சி வந்துவிடுகிறது. வெயில் இன்னும் ஏறவில்லை. கடல் தேங்கிய குளம் போலக் கிடந்தது. என் கணவர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டார், என்னவோ தண்ணீர் அந்த மடிப்போடு நின்றுவிடும் என்பது போல. ஒரு கையில் அள்ளி. இன்னொரு கை அக்காவின் கையைப் பிடித்திருந்தது. சின்ன வயதில் சாலையைக் கடக்க இப்படித்தான் பிடித்துக்கொள்வான் என்று நாத்தனார் பிறகு சொன்னார். இடுப்பளவு வந்ததும் என் கணவரின் முகம் வெளுத்துவிட்டது.

“மூச்சை விடுடா. இங்க நின்னா யாரும் முழுகறதில்ல.”

“நான் ஒண்ணும் பயப்படல. குளிருது.”

“சரி சரி. மிதி.”

அவர் அள்ளியை நிறுத்தி வைத்து, பட்டறையில் மிதித்த மாதிரி ஓங்கி மிதித்தார். அள்ளி இறங்கவில்லை. அவர்தான் மேலே எழும்பினார். மறுபடி மிதித்தார். மழுங்கிய வாய் மணல்மேல் வழுக்கிக்கொண்டு ஓட, கால் இடறி அக்காவின் தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கரையில் நானும் நாத்தனாரின் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நாத்தனார் சிரித்த சிரிப்பு கரை வரைக்கும் கேட்டது.

என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. அப்படியே நின்று, தண்ணீருக்குள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அள்ளியைத் தூக்கி அதன் வாயை உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவினார்.

“அக்கா, தண்ணியில உனக்கு எடையே இல்லேன்னு சொல்வியாமே.”

“ஆமா. அதுக்கு என்ன?”

“எடை இல்லாட்டி எதை வச்சு மிதிப்ப?”

நாத்தனார் அவரையே பார்த்தார்.

“பட்டறையில நான் என் முழு எடையோட குதிச்சேன். இங்க பாதி எடையைத் தண்ணி தாங்கிக்கிது. மிதி எறங்காது. கூர் இருந்தா அதுவே எறங்கும். கூரும் இல்ல. அதனாலதான் முன்னும் பின்னும் ஆட்டி நெம்பறே. ஆட்டி ஆட்டித்தான் கழுத்து விட்டிருக்கு. கடையில வாங்கினதுக்குக் கூர் இருந்துச்சு.”

“ஆமா. நீதானேடா அதைப் பளபளன்னு தேய்ச்சுக் குடுத்தே?”

“ம்.”

“நானும் ஊரெல்லாம் காட்டிட்டு வந்தேனே” என்று சொல்லி, நாத்தனார் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். இந்த முறை அவரும் சேர்ந்துகொண்டார். அலை ஒன்று வந்து இருவரையும் நெஞ்சு வரை நனைத்துவிட்டுப் போனது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நான்காவது அள்ளிக்கு அவர் அவசரப்படவில்லை. முதலில் அட்டையில் வெட்டி மாதிரி செய்தார். தகடு மூன்றாவதில் போட்டதைவிட மெலிது. வாயில் மட்டும் தடித்த பட்டை ஒன்றை வைத்துப் பற்றவைத்து, உளி மாதிரி சரிவாகச் சாணை பிடித்தார். வாயை நேராக வெட்டாமல் நடுவில் கொஞ்சம் முன்தள்ளினாற்போல வளைத்தார். ஓரிடத்தில் முதலில் கடித்தால் மற்ற இடமெல்லாம் தானே பின்னால் வரும் என்பது கணக்கு. கழுத்தில் முக்கோணத் தாங்கல்களை விட்டுவிட்டார். “ஒரு இடத்துல முரட்டுத்தனமா வச்சா, அதுக்குப் பக்கத்துல இருக்கிற மெல்லிசு தகடு கிழியும்” என்றார். பதிலாக, கைப்பிடியைப் பிடிக்கும் பட்டையை வாளியின் முதுகு வழியாக அடிவரை நீட்டிக் கொண்டுபோனார். நெம்பும் கனம் முழுவதும் ஒரே வெல்டிங் தையலில் விழாமல் பரவிப் போகும். நட்டும் போல்ட்டும் வாளியின் அதே உலோகம். சாதா இரும்பு போட்டால் உப்பு முதலில் அதைத்தான் தின்னும்.

கைப்பிடிக்குக் குழாய் வேண்டாம், மரம் போடு என்றார் நாத்தனார்.

“மரம் தண்ணியில ஊறாதா?”

“எண்ணெய் போட்டு வச்சா ஊறாது. மரம்னா கையை விட்டாலும் நட்டுக்க நிக்கும்டா. வாளி அடியில கிடக்கும், கைப்பிடி மேலே மிதக்கும். நான் மெஷினைப் பாத்துக்கிட்டு கையை நீட்டினா அங்கேயே இருக்கும். குழாய்ன்னா முழுகிப் போயிடும், காலால தேடணும்.”

இதெல்லாம் முன்பே சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, “முன்னாடி யாரு கேட்டா?” என்றார், தம்பியைப் பார்த்து. தம்பி சாணைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்த அன்று அவர் வழக்கப்படி உள்ளங்கையை வைத்து ஓரத்தைச் சுற்றி வந்தார். வாயருகே வந்ததும் கை நின்றுவிட்டது. பார்க்க வேடிக்கையாக இருந்தது. தன் வாழ்நாளில் முதல் முறையாகக் கூர் உள்ள ஒரு பொருளைப் பட்டறையை விட்டு வெளியே அனுப்புகிறார். பிறகு தோட்டத்துப் பழைய ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டி, நீளவாக்கில் கீறி, அள்ளியின் வாய்க்கு உறை மாதிரி மாட்டினார்.

“தண்ணிக்குள்ள போனப்புறம்தான் இதைக் கழட்டணும். கரைக்கு வர்றதுக்கு முன்னாடி மாட்டிடணும். மறந்தேன்னா அள்ளியைப் பிடுங்கி வச்சுப்பேன்.”

“இவன் ஒருத்தன், அவ ஒருத்தி. ஆளாளுக்குப் பிடுங்கறேன், விக்கறேன்னு” என்றார் நாத்தனார்.

அதைத் தண்ணீரில் இறக்கிய அன்று மகள் கடைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து கரையில் நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டு, பரீட்சைக் கூடத்தில் மேற்பார்வைக்கு நிற்பவர் மாதிரி. நாத்தனார் இடுப்பளவில் இறங்கினார். சுருளை வீசினார். நின்றார். அள்ளியை வைத்துக் காலை வைத்தார். மிதித்த மாதிரியே தெரியவில்லை. படியில் கால் வைப்பது போல வைத்தார், அவ்வளவுதான். கைப்பிடி ஒரு சாண் கீழே போனது. சாய்த்தார். தூக்கினார். துளைகளிலிருந்து மணல் பழுப்பாக ஒழுகி, பிறகு தெளிந்த தண்ணீராகச் சொட்டியது. உள்ளே கையை விட்டு எதையோ எடுத்து, எங்களைப் பார்த்து உயரத் தூக்கிக் காட்டினார்.

“என்னம்மா அது?” மகள் கத்தினாள்.

“சோடா மூடி!”

அந்தக் காலை முழுவதும் சோடா மூடியும் தூண்டில் ஈயக் குண்டும் ஒரு ஜிப்புத் தலையும்தான். ஆனால் கூட்டம் வந்து குளிக்க ஆரம்பிக்கும்வரை அவர் கரையேறவில்லை. மகள் கைகளைக் கட்டியபடி நின்றவள், எப்போது மணலில் உட்கார்ந்தாள், எப்போது செருப்பைக் கழற்றினாள் என்று நான் கவனிக்கவில்லை. நாத்தனார் உறையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“தோள் வலிக்குதா?”

“பசிக்குது.”

அதன் பிறகு விற்கிற பேச்சு வரவில்லை.

அந்த ஆண்டுகள் நன்றாக இருந்தன. நான் பட்டறைக் கதவைத் திறக்கும் நேரத்தில் நாத்தனார் ஈரத் தலையோடு வண்டியை இழுத்துக்கொண்டு வருவார். அன்றைக்குக் கிடைத்ததை மேஜையில் கொட்டுவார். சாவி, நாணயம், மூக்குக் கண்ணாடிச் சட்டம், எப்போதாவது ஒரு மோதிரம். மோதிரம் என்றால் அன்று முழுவதும் அவருக்கு வேலைதான். கரையில் இருக்கும் உயிர்காப்பாளர் கொட்டகையில் சொல்லி வைப்பார், குளிக்க வந்தவர்களிடம் விசாரிப்பார். போகப் போக, தொலைத்தவர்களே அவர் வீட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணிடம், “அழாதேம்மா. எந்தப் பக்கம் நின்னே? தண்ணி எங்க வரைக்கும் இருந்துச்சு, இடுப்புக்கா நெஞ்சுக்கா?” என்று டாக்டர் நோயைக் கேட்கிற மாதிரி கேட்பார். எல்லாம் கிடைத்துவிடவில்லை. கிடைக்காதவர்களுக்கும் டீ கிடைத்தது.

அள்ளியின் வாயை என் கணவர் அவ்வப்போது சாணை பிடித்துக் கொடுப்பார். ஒருமுறை கைப்பிடி மரத்தை மாற்றினார். கழுத்தில் ஒரு விரிசலும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விளக்கை அருகே இழுத்து வைத்துத் தேடுவார். தேடிவிட்டு அக்காவிடம் நீட்டுவார்.

ஒரு குளிர்காலக் காலையில் நான் நாத்தனாரோடு கூடப் போயிருந்தேன். வழக்கத்தைவிடச் சீக்கிரம் கரையேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். துண்டால் போர்த்திக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி குளிருதும்மா” என்றார். அத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் அவர் போகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை நான் அவர் வீட்டுக்குப் போனபோது மகள் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தி வைத்திருந்தாள். டிடெக்டரின் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டிருந்தாள்.

“நீங்களாவது சொல்லுங்க அத்தை. தண்ணி இன்னிக்கு நல்லா வத்தியிருக்கு. போயிட்டு வரச் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க.” அம்மாவின் பக்கம் திரும்பினாள். “ஏம்மா, அள்ளியில ஏதாவது பிரச்சினையா? மாமாகிட்ட கொண்டுபோகட்டுமா?”

நாத்தனார் ஜன்னலோர நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவர் போல இருந்தார்.

“எல்லாம் நல்லாத்தான்டி இருக்கு. ஒண்ணும் உடையல. எனக்குத்தான் போதும்னு இருக்கு.”

மகள் வாசலில் இருந்த வண்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்து வந்து ஜன்னலருகே போட்டுக்கொண்டாள். அன்று அவள் கடைக்குத் தாமதமாகத்தான் போனாள்.